ஒரு ஜெபம் எழுதி அனுப்பவும்

மார்ச் 3

அன்புள்ள மேலிடத்துக்கு,

கீழே இருந்து கைகாட்டி எழுதுறது. கவர்ல என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டிருப்பீங்க. பரவாயில்லண்ணே, துண்டையெல்லாம் பொறுக்கி ஒட்டிப் படிங்க. வேற என்ன வேலை இருக்கு உங்களுக்கு?

நாலு வருஷமாச்சு நாம பேசி. இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்துல கிரேன் மேல நீங்க, கீழ தரையில நான். நான் கையைக் காட்டினா தூக்குவீங்க, நான் கையைக் காட்டினா இறக்குவீங்க. கட்டின பொண்டாட்டி பேச்சைக்கூட நீங்க அப்படிக் கேட்டதில்லன்னு அண்ணியே சொல்லும். சரி, அண்ணி பேச்சை எடுத்துட்டேன். கோவம் வருதா? தண்ணி குடிச்சிட்டு மேல படிங்க.

மகன் வேலைக்குன்னு கடல் தாண்டிப் போகும்போது என்னை இங்க கொண்டாந்து விட்டுட்டான். முதியோர் இல்லம்னு போர்டு போட்டிருக்கு. ஒரே அறையில எட்டுக் கட்டில். எட்டுக் கிழம், எட்டு மூக்குக்கண்ணாடி. காலைல எல்லாத்தையும் மாத்தி மாத்தி வச்சிருவேன். பத்து மணி வரைக்கும் எவனுக்கும் உலகம் தெரியாது. அது ஒண்ணுதான் இங்க எனக்கு பொழுதுபோக்கு. மத்தியானம் மூணு மணிக்கு டீ வரும். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது, யாரும் வரமாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆளு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. நெஞ்சு முழுக்கச் சளி, டாக்டர் கையை விரிச்சிட்டாரு. சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் இல்ல. என் தலகாணிக்கு அடியில பைபிளைப் பார்த்துட்டு, "யோவ், நீ கிறிஸ்தவன்தானே? எனக்கு பயமா இருக்குய்யா. ஒரு ஜெபம் பண்ணு"ன்னாரு. நாளைக்குப் பண்றேன்னு சொன்னேன். அஞ்சு நாளா நாளைக்குன்னே சொல்லிட்டிருக்கேன். இங்க பாஸ்டர் மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. போன தடவை வந்தப்ப இந்தாளு தூங்கிட்டாரு. அடுத்த தடவை வரைக்கும் தாங்கமாட்டாரு.

நீங்க மூணு தலைமுறைக் கிறிஸ்தவங்க. ஒரு ஜெபம் எழுதி அனுப்புங்கண்ணே, நான் பார்த்து வாசிச்சிடறேன். பெரிய எழுத்துல எழுதுங்க. மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கு எழுதுறோம்னு ஞாபகம் வச்சுக்கோங்க. "கிருபை" வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல நீளமா ஏதாவது போட்டீங்கன்னா பாதியில மூச்சு நின்னு, எனக்கும் சேர்த்து ஒரு ஜெபம் அனுப்ப வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கைகாட்டி


மார்ச் 11

கைகாட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இப்போதெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறேன். உன் ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

ஜெபம் எழுதி அனுப்ப மாட்டேன். அது மருந்துச் சீட்டா, ஊரிலிருந்து எழுதி அனுப்ப? பக்கத்தில் கிடக்கிறவர் கேட்டது உன்னிடம். என்னிடம் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் உன்னிடம் ஒரு ஜெபம் கேட்டேன். மழையில் நின்றுகொண்டு கேட்டேன். அதற்கே நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இவண்,
கிரேன் ஆபரேட்டர் (ஓய்வு)


மார்ச் 16

அன்புள்ள மேலிடத்துக்கு,

பதில் போட்டீங்களே, அதுவே பெரிசு. "ஓய்வு"ன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. கோவத்துக்கு மட்டும் ஓய்வு இல்ல போலிருக்கு.

அண்ணே, கேலி பண்ணாம நாலு வரி எழுதிப் பார்க்கிறேன். வராது, இருந்தாலும் முயற்சி பண்றேன்.

நான் நாற்பது வயசுல முழுக்கு எடுத்து கிறிஸ்தவனா ஆனவன். நீங்க பொறந்ததிலேருந்து அந்த வீட்டுக்குள்ள இருக்கீங்க. நான் பின்னாடி வந்து சேர்ந்தவன். சபையில நான் எங்க உக்காருவேன்னு உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசை, வாசல் பக்கம், செருப்புக் குவியலுக்குப் பக்கத்துல. அண்ணி திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஒரு தடவை வெளியில வச்சுப் பிடிச்சுக்கிச்சு. "என்னங்க தம்பி, கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரியே உக்காந்திருக்கீங்க? யாராவது எந்திரிச்சுப் போகச் சொல்வாங்கன்னு பார்த்துட்டிருக்கீங்களா?"ன்னுச்சு. "இல்லண்ணி, யாரும் புதுச் செருப்பைத் தள்ளிட்டுப் போயிடக் கூடாதில்ல, காவல் காக்கிறேன்"னு சொல்லிச் சிரிச்சேன். அது சிரிக்கல.

ஆனா அது சொன்னது நிஜம். யாராவது வந்து எந்திரிக்கச் சொல்வாங்கன்னுதான் அத்தனை வருஷமும் உக்காந்திருந்தேன்.

துறைமுகத்துல நான் கை காட்டுறதுக்கு எனக்கு மஞ்சச் சட்டை குடுத்திருந்தாங்க. அந்தச் சட்டை போட்டவன் கையைத் தூக்கினா இருபது டன் அந்தரத்துல நிக்கும். அண்ணி அடக்கத்தன்னிக்குக் கல்லறைத் தோட்டத்துல எனக்கு எந்தச் சட்டையும் யாரும் குடுக்கலண்ணே. வெறும் ஆளா நின்னேன். வாய் வரல.

கண்டக்டருக்கு ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் டிக்கெட் எடுக்காமயே ஏறிட்டேன்யா, செக்கிங் வந்தா என்ன சொல்றது?"ன்னாரு. வாழ்நாள் பூரா டிக்கெட் கிழிச்ச ஆளு, அவருக்கு வேற எப்படிப் பயப்படத் தெரியும்? எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சிட்டு வராண்டாவுக்குப் போயிட்டேன். அங்க போயி சுவத்தைப் பார்த்துட்டு நின்னேன்.

ரெண்டே ரெண்டு வரி எழுதுங்க. போதும்.

கைகாட்டி


மார்ச் 23

கைகாட்டிக்கு,

நீ எழுதிய மாதிரி நானும் கேலியில்லாமல் எழுதுகிறேன். எனக்கு அது சுலபம், எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு தடவையாவது உள்ளபடி பார்க்க வேண்டும். பாலத்தில் தண்ணீர் ஏறி பாஸ்டரின் வண்டி வரவில்லை. மழை விடவில்லை. குழி வெட்டியவர்கள், தண்ணீர் ஊறுகிறது, சீக்கிரம் என்றார்கள். நான் உன் பக்கம் திரும்பி, "நீயாவது ரெண்டு வார்த்தை சொல்லுடா" என்றேன். நீ, "எனக்கெதுக்குண்ணே, நான் யாரு, பெரியவங்க யாராவது பண்ணட்டும்" என்று பின்னால் நகர்ந்தாய். அது பரவாயில்லை. அதை மன்னித்திருப்பேன்.

அவர்கள் கயிற்றில் பெட்டியை இறக்க ஆரம்பித்தார்கள். அப்போது நீ கையை நீட்டி விரலை ஆட்டினாய். துறைமுகத்தில் சரக்கை இறக்கச் சொல்வாயே, அதே மாதிரி. கயிறு பிடித்திருந்த இரண்டு பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவி குழிக்குள் போகும்போது கேட்ட கடைசிச் சத்தம் அந்தச் சிரிப்பு. எல்லாவற்றையும் கேலி செய்வாய் என்று தெரியும். அதையுமா?

அவள் ஒரு வார்த்தை ஜெபம் இல்லாமல் போனாள். நாற்பத்தோரு வருடம் அந்தச் சபையில் பாடியவள்.

சட்டை சட்டை என்று எழுதியிருக்கிறாய். அந்த மஞ்சள் துணிக்காகவா நான் உன் கையைப் பார்த்து இறக்கினேன்? உன்னை அந்த இடத்தில் நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும், அதனால் இறக்கினேன். உன் ஒல்லிக்கை ஒரு மூட்டையைத் தாங்காது. இருபது டன்னை நிறுத்தியது நீ இல்லை, துறைமுகம். முழுக்கு எடுத்த அன்று தண்ணீரிலிருந்து உன்னைத் தூக்கி, யாருடைய பெயரைச் சொல்லி வெளியே விட்டார்கள்? அந்தப் பெயர் போதாதென்று மேலே ஒரு சட்டையும் கேட்கிறாயா?

கோபத்தில் எழுதுகிறேன். அடித்துத் திருத்தினால் பக்கம் கெட்டுவிடும், அப்படியே அனுப்புகிறேன்.

கிரேன் ஆபரேட்டர்


ஏப்ரல் 2

அண்ணே,

மேலிடம்னு போடலாமான்னு பார்த்தேன். இன்னிக்கு வேணாம்.

முதல்ல கை விஷயம். நான் கேலி பண்ணலண்ணே. தலைமாட்டுப் பக்கம் கயிறு வழுக்குச்சு. அந்தப் பையங்களுக்குப் பழக்கமில்ல, கால்மாட்டை நிறுத்திட்டு தலைமாட்டை விட்டுட்டாங்க. பெட்டி சாயுது. உள்ளே அண்ணி. என் வாய் செத்துப் போச்சு, கை மட்டும் எந்திரிச்சுது. "மெதுவா, தலைப்பக்கம் நிறுத்து, மெதுவா"ன்னு காட்டினேன். யாருக்குக் காட்டினேன்? அந்தப் பையங்களுக்கா என் கை புரியும்? உங்களுக்குத்தான் காட்டினேன். உலகத்துலேயே என் கையைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தானே.

சரி. இப்ப கண்டக்டர்.

உங்க லெட்டர் வெள்ளிக்கிழமை வந்துச்சு. வராண்டாவுல நின்னு படிச்சேன். படிச்சு முடிச்சதும் செம கோவம். உங்க மேல இல்ல. "எனக்கெதுக்கு, நான் யாரு"ன்னு நான் சொன்னதா நீங்க எழுதியிருந்தீங்க பாருங்க, அதைப் படிக்கும்போது ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. அது தாழ்மைன்னு நான் நினைச்சுட்டிருந்தேன். அப்பனை வச்சுக்கிட்டு அநாதைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறதுக்குப் பேரு தாழ்மையா? அப்பனுக்கு எவ்வளவு அவமானம்!

நேரா உள்ளே போனேன். டீ குடுக்கிற நேரம், எல்லாக் கிழடும் உக்காந்து உறிஞ்சிட்டிருக்கு. கண்டக்டர் கட்டில்ல உக்காந்து நெத்தியில கையை வச்சேன். "என்னய்யா, நாளைக்கு வந்திருச்சா?"ன்னாரு. "வந்திருச்சு, கண்ணை மூடுய்யா"ன்னேன்.

என்ன சொன்னேன்னு எழுதிடறேன், பிழை இருந்தா நீங்க திருத்துங்க. "ஆண்டவரே, நான் கைகாட்டி. உங்க பிள்ளை. நேத்து வந்தவன், நேத்து வந்தவன்னே சொல்லிட்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷமா அந்த நேத்து முடியவே இல்ல. இன்னிக்கு முடிச்சுக்கிறேன். இந்தாளு பயப்படறாரு. இவரு கிட்ட டிக்கெட் இல்ல. என்கிட்டயும் இல்ல. ஏற்கனவே உங்க மகன் எல்லாருக்கும் சேர்த்து எடுத்துட்டாருன்னு சொல்லித்தான் என்னையும் ஏத்துனாங்க. இவரையும் அதே கணக்குல ஏத்திக்கோங்க."

அதோட நிறுத்தலண்ணே. அவர் நெஞ்சைப் பார்த்து, "ஏ பயமே, இயேசுவோட பேருல சொல்றேன், இவரை விட்டு இறங்கு. உன் ஸ்டாப் வந்தாச்சு, இறங்கு"ன்னு அதட்டினேன். சத்தமா சொல்லிட்டேன் போல. ஆறு கிழமும் டீயை வச்சிட்டுப் பார்க்குது. நானா இதுன்னு எனக்கே திக்குன்னு இருந்துச்சு. கண்டக்டர் ஒத்தக் கண்ணைத் திறந்து, "ரை... ரைட்"ன்னாரு. பஸ்ஸைக் கிளப்பச் சொல்ற மாதிரி. அன்னிக்கு சாயங்காலம் நல்லாத் தூங்கினாரு.

நாலு நாள் இருந்தாரு. பயமா இருக்குன்னு அப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லல. செவ்வாய்க்கிழமை காலைல ரொட்டியைப் பால்ல நனைச்சுக் குடுத்தேன். பாதி தின்னாரு. மீதி தட்டுலேயே இருந்துச்சு.

அடக்கத்துக்கு மூணே பேரு. இல்லத்து வேன் டிரைவர், நர்ஸம்மா, நான். டிரைவர் மணியைப் பார்த்துட்டு, "யாராவது ஏதாவது சொல்றீங்களா, மூடச் சொல்லிடலாமா?"ன்னாரு.

"நான் ஜெபம் பண்றேன்"னேன்.

"நீங்க பாஸ்டரா பெரியவரே?"

"இல்லப்பா. கிறிஸ்தவன்."

"அது போதுமா?"

"போதும்பா. எனக்கே போன வெள்ளிக்கிழமைதான் தெரியும்."

பண்ணினேன். அவர் பேரைக்கூட நர்ஸம்மா கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் வேன்ல திரும்பி வந்தோம். கட்டில்ல மெத்தையைச் சுருட்டி வெயில்ல போட்டுட்டாங்க. அடுத்த நாள் காலைல மூக்குக்கண்ணாடி மாத்தப் போனேன். ஏழுதான் இருந்துச்சு. மாத்தாம வச்சிட்டு வந்து படுத்துட்டேன்.

இங்க பண்ண முடிஞ்சது அங்க ஏன் பண்ணல? அண்ணிக்குப் பண்ணியிருக்கணும். மன்னிச்சிருங்க.

கைகாட்டி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். கண் ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை.

கயிறு வழுக்கியதை நானும் பார்த்தேன். உன் கையையும் பார்த்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. புரியாமலா இருக்கும்? என் கை தானாக முன்னால் போனது. பிடிக்க லீவர் இல்லை. பையன்கள் சிரித்ததும், நீதான் கேலி செய்து அவர்களைச் சிரிக்க வைத்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. நான்கு வருடம் அந்த வசதியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் நீ கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஊரையே கேலி செய்கிற நீ இதை மட்டும் கேட்கவில்லை. செத்தது என் மனைவி. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன் நான். சபைக் கமிட்டியில் பதினெட்டு வருடம் இருந்தவன். "நீங்க ஏண்ணே பண்ணல?" என்று நீ கேட்டிருக்கலாம்.

என்னிடம் ஜெபம் இல்லை. புத்தகத்தில் இருந்தது. புத்தகம் பாஸ்டரிடம் இருந்தது. அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் பிறந்த வீட்டிலேயே வேலைக்காரனைப் போல நின்றுகொண்டிருந்தேன், எஜமான் வந்து சொன்னால்தான் வாய் திறக்கலாம் என்று. அதைத் தெரிந்துகொண்ட அவமானத்தைத்தான் உன் தலையில் கட்டினேன். நீ வாசலில் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதினாய். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் ஜெபத்தில் திருத்த ஒன்றுமில்லை. பயத்தை இறங்கச் சொன்ன இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். இந்த மாதம் 23-ஆம் தேதி வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு எனக்குக் கண் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். கூட ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். எனக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. பயமாகவும் இருக்கிறது. வயதுக்கு அழகில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜெபம் பண்ணுவாயா?

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள மேலிடத்துக்கு,

பட்டத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு, வச்சுக்கோங்க.

பண்ணுவேனாவா? பத்து மணின்னா பத்து மணிக்கு. நர்ஸம்மா கிட்ட மணி பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கேன். "லாயக்கில்லாத இந்த அற்பப் புழு"ன்னு சுத்தி வளைச்செல்லாம் ஆரம்பிக்க மாட்டேன். அதுக்கே பாதி ஆபரேஷன் முடிஞ்சிடும். நேரா உள்ளே போயிடுவேன். சொந்த வீட்டுக்குள்ள போறவன் வாசல்ல நின்னு மணி அடிப்பானா? மரியாதையெல்லாம் இருக்கும், கவலைப்படாதீங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவேன்.

அண்ணே, ஒண்ணு. நீங்களும் வாயைத் திறங்க. அங்க மேஜையில படுத்திருக்கும்போது மனசுக்குள்ளயாவது. உங்க பாட்டன் ஜெபமோ பாஸ்டர் ஜெபமோ வேணாம். "அப்பா, நான்தான்"ன்னு சொன்னாப் போதும். மூணாங்கிளாஸ் படிச்ச நானே சொல்லிட்டேன், பத்தாவது பாஸ் பண்ணின உங்களுக்கு என்ன வலி?

கண் தெரிஞ்சதும் முதல் வேலையா கண்ணாடில மூஞ்சியைப் பார்க்காதீங்க. பயந்துருவீங்க.

கைகாட்டி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. பூதக்கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம், எல்லோருக்கும் பச்சைத் தொப்பி. ஒவ்வொருவர் பக்கத்திலும் மகளோ மருமகனோ பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் என் பை மட்டும் இருந்தது. ஒரு நர்ஸ் காகிதத்தோடு வந்து, "உங்க கூட யாரு வந்திருக்காங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆள் இருக்காரும்மா, வெளியூர்ல."

"வெளியூர்ல இருந்தா எப்படி? இப்ப எங்க இருக்காரு, என்ன பண்ணிட்டிருக்காரு?"

"எனக்காகப் பேசிட்டிருக்காரு."

"யார் கிட்ட?"

"எங்கப்பா கிட்ட" என்றேன். எண்பதை நெருங்குகிற கிழவனுக்கு அப்பாவா என்று அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காகிதத்தில் என்ன எழுதிக்கொண்டாள் என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மேஜையில் படுத்ததும் நீ சொன்னதைச் சொன்னேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டே. டாக்டர் "என்ன?" என்றார். "உங்ககிட்ட இல்ல சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளைத் தந்ததற்கு நன்றி சொன்னேன், நான்கே வரி. நன்றாக இல்லை, நடுவில் அழுதுவிட்டேன். ஆனால் நானே சொன்னது. அதனால் அதற்காக நீ இனி வருத்தப்படாதே. வீட்டுக்குத் திரும்பியதும் பேச ஆள் இல்லாமல் மறுபடியும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். பத்து மணி என்று எழுதியிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, என்னை உள்ளே கூப்பிடவே பதினொன்றரை ஆகிவிட்டது. வெளியே வர பன்னிரண்டரை. உனக்கு அது தெரிந்திருக்காது. அத்தனை நேரம் நீ என்ன செய்தாய்?

அண்ணன்


மே 5

அன்புள்ள மேலிடத்துக்கு,

என்ன செய்வேன்? பேசிட்டேதான் இருந்தேன். பத்தரைக்குள்ள எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீர்ந்து போச்சு. அப்புறம் உங்களைப் பத்தி ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க நினைக்கிறதைவிட உங்களைப் பத்தி எனக்கு நிறைய தெரியும், ஆண்டவருக்கும் இப்ப தெரியும்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சுது. எல்லாரும் போயிட்டாங்க. அறையில நானும் ஏழு காலிக் கட்டிலும். நர்ஸம்மா வந்து, "பெரியவரே, சாப்பாடு ஆறுது, எந்திரிங்க"ன்னாங்க.

"நீங்க போங்கம்மா. எங்கண்ணன் இன்னும் வெளியே வரல"ன்னேன்.

கைகாட்டி